மொண்டிசோரி அம்மையாரின் முதல் மாணவர்கள்

மலையகத்தில் மொண்டிசோரி என்றால் ஒருவகைப் பள்ளிக்கூடம். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்று எந்த நகரத்துக்குப் போனாலும் அந்தப் பெயர்ப்பலகையைக் காணலாம். வண்ணச் சுவர், கழுத்துப்பட்டி, ஆங்கிலப் பாட்டு, மாதக் கட்டணம். கொஞ்சம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் முதலாம் தரத்துக்கு முன் போய்வரும் இடம். அது ஒரு பெண்ணின் பெயர் என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. மனநோயாளர் விடுதியில் பூட்டிவைத்த பிள்ளைகளைப் பார்த்த பிறகுதான் அந்தப் பெண் கல்விப் பக்கம் திரும்பினார் என்பது ஆசிரியர்களிலும் சிலருக்கே தெரியும். தோட்டப் பாடசாலையொன்றில் விசேட தேவையுடைய பிள்ளைகளோடு வேலை செய்பவள் என்பதால், அவருடைய வாழ்க்கையை நான் அந்த முனையிலிருந்துதான் படித்தேன்.

மாரியா மொண்டிசோரி 1870 ஓகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியின் கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா அரசாங்க உத்தியோகத்தர். பொறியியல் படிக்கும் ஆசையில் ஆண்பிள்ளைகளின் தொழில்நுட்பப் பாடசாலைக்குப் போனவர், பின்னர் மனம் மாறி ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். ஆண் மாணவர்களோடு நின்று பிணத்தைப் பார்ப்பது பெண்ணுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டதால், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு மாலையில் தனியாக நின்று உடலை அறுத்துப் படித்தார். 1896இல் வைத்தியரானார். இத்தாலியில் அப்போது பெண் வைத்தியர்களை விரல்விட்டு எண்ணலாம்.

பல்கலைக்கழகத்தின் மனநோய்ப் பிரிவில் வேலை செய்தபோது ரோம் நகரத்து மனநோயாளர் விடுதிகளுக்குப் போய்வர வேண்டியிருந்தது. அங்கே பெரியவர்களோடு பிள்ளைகளும் அடைபட்டிருந்தார்கள். பேசாத பிள்ளைகள், கத்துகிற பிள்ளைகள், வலிப்புள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே முத்திரை. சாப்பாடு முடிந்ததும் தரையில் விழுந்து பாண் துணுக்குகளைப் பொறுக்கும் பிள்ளைகளைக் காட்டி, எவ்வளவு அருவருப்பு பாருங்கள் என்கிற மாதிரிப் பேசினாராம் அவர்களைப் பராமரித்த பெண். மொண்டிசோரி அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். நான்கு சுவரைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. தொட்டுப் பார்க்க, உருட்ட, அடுக்க ஒரு பொருளும் இல்லை. பசியால் மட்டும் இப்படிச் செய்யவில்லை, இந்தக் கைகளுக்கு வேலை வேண்டியிருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நம்முடைய வகுப்பறைகளை நினைத்தேன். தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் இன்றும் ஒரே மண்டபத்தில் இரண்டு மூன்று வகுப்புகள் நடக்கின்றன. நடுவில் ஒரு மறைப்பு இருந்தால் அதிர்ஷ்டம். மேலே தகரக் கூரை. வருடத்தில் பெரும்பகுதி மழை என்று சொல்லிவிடலாம். மழை பிடித்தால் ஆசிரியர் சொல்வது முன்வரிசைக்கே கேட்காது. சத்தம் தாங்காத ஒரு பிள்ளை அந்த மண்டபத்தில் காதைப் பொத்துவான், பிறகு மேசையைத் தட்டுவான், கடைசியில் பக்கத்துப் பிள்ளையை அடித்துவிட்டு வெளியே ஓடுவான். ஓடியதுதான் எல்லோர் கண்ணிலும் படும். அதற்கு முன்னால் அவன் காதைப் பொத்தினானே, அதை யாரும் எழுதிவைப்பதில்லை. குழப்படிக்காரன் என்ற பெயர் முதலாம் தரத்தில் விழுந்தால் ஐந்தாம் தரம் வரை கூடவே வரும். அதற்குள் அநேகமாக அவன் பள்ளிக்கூடத்தை விட்டே நின்றிருப்பான்.

மொண்டிசோரி தானாக எதையும் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. பிரான்சில் காட்டில் கண்டெடுத்த ஒரு சிறுவனுக்குப் பேச்சும் பழக்கமும் கற்பிக்க முயன்ற இத்தார் என்ற வைத்தியரையும், அவருடைய மாணவர் சேகானையும் தேடிப் படித்தார். சேகானின் தடித்த புத்தகத்தை இத்தாலிய மொழிக்கு மாற்றித் தன் கையாலேயே முழுதாக எழுதி எடுத்தார். 1900இல் ரோமில் இத்தகைய பிள்ளைகளுக்கும் அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குமாக ஒரு பாடசாலை தொடங்கியபோது அதன் இரு பொறுப்பாளர்களில் ஒருவரானார். பகல் முழுக்கப் பிள்ளைகளோடு இருப்பார், இரவில் குறிப்புகளை எழுதுவார். பொத்தான் போடவும் நாடா கட்டவும் பழக்கும் சட்டங்கள், விரலால் தடவிப் பார்க்கும் மர எழுத்துகள் எல்லாம் அங்கே உருவானவை. கற்கவே முடியாது என்று விடுதியில் போட்டிருந்த பிள்ளைகளில் சிலர் எழுத வாசிக்கப் பழகி, சாதாரணப் பாடசாலைப் பிள்ளைகளோடு ஒரே பரீட்சைக்கு இருந்து சித்தியடைந்தார்கள்.

ஊர் அதை அதிசயமாகக் கொண்டாடியது. அவருடைய யோசனை வேறு திசையில் போயிற்று. இந்தப் பிள்ளைகள் இவ்வளவு தூரம் வந்தால், சாதாரணப் பிள்ளைகளைப் பாடசாலைகள் எவ்வளவு கீழே பிடித்துவைத்திருக்கின்றன என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் அங்கேதான் எனக்கு அவரோடு ஒரு மனத்தாங்கல் உண்டு. 1901இல் அந்தப் பாடசாலையை விட்டுப் போனவர், பிறகு பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளோடுதான் வேலை செய்தார். விடுதிப் பிள்ளைகளிடம் பிறந்த முறை உலகம் முழுவதும் வசதியானவர்களின் முறையாகப் போனதற்கு அந்தத் திருப்பமும் ஒரு காரணம்.

அவர் விலகியதற்குச் சொந்தக் காரணமும் இருந்தது. கூடப் பொறுப்பாக இருந்த மொண்டேசானோ என்ற வைத்தியரோடு அவருக்கு 1898இல் ஒரு மகன் பிறந்திருந்தான். திருமணம் நடக்கவில்லை. மானத்துக்கு அஞ்சி மரியோவை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தில் வளரவிட்டார்கள். பதினைந்து வயதளவில்தான் அவன் தாயோடு வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகும் நெடுங்காலம் உறவுக்காரப் பையன், வளர்ப்பு மகன் என்றே ஊருக்குச் சொன்னார்கள்.

1907 ஜனவரி 6ஆம் திகதி ரோமின் சான் லொரன்சோ என்ற ஏழைப் பகுதியில் அவருடைய குழந்தைகள் இல்லம் திறந்தது. அதன் கதை நமக்கு அந்நியமாகப் படாது. தொழிலாளர் குடியிருப்பு ஒன்றைப் புதுப்பித்த கம்பனிக்கு ஒரு தலையிடி. தாய் தகப்பன் வேலைக்குப் போனதும் சின்னப் பிள்ளைகள் சுவரில் கிறுக்குகிறார்கள், மாடிப்படியை உடைக்கிறார்கள். திருத்தும் செலவைவிட ஓர் அறையில் அடைத்து ஆள் வைப்பது மலிவு என்று கணக்குப் பார்த்தார்கள். நம்முடைய பிள்ளை மடுவங்களும் முதலில் தாய்மாரின் கொழுந்துக் கூடையை முன்னிட்டு வந்தவைதானே. அதே 1907இல் இலங்கையில் வந்த கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் கடமையைத் தோட்டத்துரைமார் மீது வைத்தது. சட்டம் வந்த வேகத்தில் பள்ளிக்கூடம் வரவில்லை.

சான் லொரன்சோவில் அடங்காத பிள்ளையை அவர் நடத்திய விதத்தை எங்கள் ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் வைத்தியர் பார்க்க வேண்டும். உடம்பில் குறையில்லை என்றால், மற்றப் பிள்ளைகள் வேலை செய்வது கண்ணில் படும் இடத்தில் ஒரு சின்ன மேசையும் வசதியான கதிரையும் போட்டு அவனைத் தனியாக உட்கார வைப்பார்கள். அவன் விரும்பிய பொருளெல்லாம் அவன் கையில் இருக்கும். அடி இல்லை, ஏச்சு இல்லை. ஆசிரியை அறைக்குள் வந்தால் முதலில் அவனிடம்தான் போவார், நோயாளிப் பிள்ளையைப் பார்ப்பதுபோல. தனியாக உட்கார வைப்பதை இன்று நான் அப்படியே எடுக்கமாட்டேன், நம்மிடத்தில் அது மூலையில் நிறுத்துவதாக மாறிவிடும். முதல் படியை மட்டும் யாராவது செய்தால் போதும். காதில் சீழ் வடிந்து பாதி கேட்காமல் இருக்கிற பிள்ளையை, சொல்வழி கேட்காதவன் என்று எத்தனை பேர் அடித்திருக்கிறார்கள்! கிளினிக்குக்குக் கொண்டுபோனால் அம்மாவுக்கு ஒருநாள் பேர் போய்விடும். இரண்டாம் முறை வரச்சொன்னால் இரண்டு நாள் பேர். பிறகு யார் போவார்கள்?

நான் மேலே சொன்ன மாதிரி ஒரு பையன் என்னிடம் இருக்கிறான். மண்டபத்தின் கோடியில், கதவுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தேன். மழை பிடிக்கும்போது தேயிலை விதைகளைப் பெரியது சின்னது என்று பிரிக்கிற தட்டை எடுத்துக்கொள்வான். சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய ட, ப, ம மூன்றையும் கண்ணை மூடித் தடவிச் சொல்கிறான். வாசிக்க வரவில்லை. இப்போது இரண்டு பாடவேளை உட்காருகிறான், முன்பு பத்து நிமிடம்.

யுத்தத்தைப் பார்த்த வாசகர்களுக்கு அவர் வாழ்க்கையில் இன்னொரு பக்கம் இருக்கிறது. 1908 டிசம்பர் 28ஆம் திகதி மெஸ்சினா நகரத்தைப் பூமியதிர்ச்சி தரைமட்டமாக்கியது. அதில் தப்பிய சுமார் 60 அநாதைப் பிள்ளைகளை ரோமில் ஒரு கன்னியர் மடத்தில் வைத்து அவருடைய முறையில் பராமரித்தார்கள். பேரும் ஊரும் தெரியாத பிள்ளைகள். பேச்சில்லை, சாப்பிட வைப்பது கஷ்டம், தூங்க வைப்பது அதைவிடக் கஷ்டம், இரவில் அலறல். மேசை துடைப்பது, தட்டு வைப்பது, பூச்செடி பார்ப்பது போன்ற வேலைகளில் மெல்ல மெல்ல மீண்டார்கள். 1977இலும் 1983இலும் அடிபட்டு இங்கிருந்து வன்னிக்குப் போன தோட்டக் குடும்பங்கள், 2009இல் அங்கேயும் எல்லாம் இழந்தன. அந்தப் பிள்ளைகள் எந்த வகுப்பில் உட்கார்ந்தபோதும் படிப்பில் மந்தம், முரட்டுப் பிள்ளை என்றுதான் குறித்திருப்பார்கள்.

அவரும் ஓடியவர்தான். முசோலினி ஆதரவு தந்தபோது அதை ஏற்றுக்கொண்டார், அது அவர் பேரில் உள்ள கறை. 1934இல் உறவு முறிந்தது, இத்தாலியில் அவருடைய பாடசாலைகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் நாசிகள் மூடினார்கள். 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்ததும் பார்சலோனாவிலிருந்து தப்பி நெதர்லாந்து போய்ச் சேர்ந்தார். 1939இல் ஜோர்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்து, மகனோடு சென்னை அடையாறுக்கு வந்தார். அடுத்த ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, பிரித்தானியருக்கு அவர் எதிரி நாட்டவராகிவிட்டார். மரியோவைத் தடுப்பு முகாமில் போட்டார்கள், அவரைப் பிரம்மஞான சபை வளாகத்துக்குள் இருக்கச் சொன்னார்கள். 70ஆவது பிறந்தநாளையொட்டி மகனை விடுவித்தார்கள். முள்வேலிக்கு வெளியே நின்று பிள்ளைக்காகக் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார். பனிமூட்டம், குளிர், மலைச்சரிவு என்று நம் ஊரைப் போன்ற ஊர். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்த அந்தச் சின்னப் பாடசாலையில் இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரட்ன அவருக்குத் துணையாக இருந்தார். 1944இல் மொண்டிசோரி இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அடுத்த ஆண்டே நாட்டில் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளோ அதற்கு வெளியே, 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கும் வரை, தோட்ட நிர்வாகங்களின் கையில் கிடந்தன. அவருடைய பெயர் கொழும்பிலிருந்து மலையேறி வந்தபோது கட்டணச் சீட்டோடு வந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

1949 வரை இந்தியத் துணைக்கண்டத்துக்கு வந்துபோனார். மூன்று முறை நோபல் சமாதானப் பரிசுக்குப் பெயர் போயிற்று, கிடைக்கவில்லை. 1952 மே 6ஆம் திகதி நெதர்லாந்தின் நோர்ட்விக் கடற்கரையூரில், 81 வயதில் இறந்தார். அன்றும் ஆபிரிக்காவுக்குப் போய் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது பற்றி மகனோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த வயதில் பயணம் வேண்டாம் என்பது மரியோவின் எண்ணம். அந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள்.