ஆர்பத்நாட் திவாலும் திருவிடைமருதூர் வக்கீலும்: யார் இந்த வி. கிருஷ்ணசாமி ஐயர்?

வருஷம் தவறாமல் பிரீமியம் கட்டியிருப்போம். ஆஸ்பத்திரி கவுன்டரில் கார்டை நீட்டும்போதுதான் க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டதாக மெசேஜ் வரும். தனியார் ஹெல்த் இன்சூரன்ஸ் மீது இன்று மக்களுக்கு இருக்கும் கோபமே இதுதான். நல்ல நாளில் கை நீட்டி வாங்கியவர்கள், கெட்ட நாளில் கை விரிக்கிறார்கள்.

1906-ல் மெட்ராஸ் முழுக்க இதே கோபம் கிளம்பியது. அப்போது இங்கே ஹெல்த் இன்சூரன்ஸ் என்ற பேச்சே கிடையாது. நோய், முதுமை, மகள் கல்யாணம் எல்லாவற்றுக்கும் நடுத்தரக் குடும்பங்கள் நம்பியிருந்தது, தனியார் கம்பெனியில் போட்டுவைத்த பணத்தைத்தான். அந்தப் பணம் ஒரே நாளில் முடங்கியபோது, அந்தக் கோபத்தைக் கோர்ட்டுக்கும் பிறகு ஒரு வங்கிக்கும் கொண்டுபோனவர் திருவிடைமருதூரில் பிறந்த ஒரு வக்கீல்.

மகாலிங்கசாமி கோயில் ஊர்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில், கொஞ்ச தூரத்திலேயே வரும் ஊர் திருவிடைமருதூர். 1863 ஜூன் 15-ல் அங்கே பிறந்தார் கிருஷ்ணசாமி. அப்பா வெங்கட்ராம ஐயர் முன்சீப். வீட்டில் சட்டப் பேச்சுக்குப் பஞ்சமிருந்திருக்காது. கும்பகோணம் அரசுக் கல்லூரி, பிறகு சென்னை மாநிலக் கல்லூரி, சட்டப் படிப்பு என்று போய், 1885-ல் வக்கீலாகப் பதிவு செய்தார். 1891-ல் நண்பர்களோடு சேர்ந்து மெட்ராஸ் லா ஜர்னல் என்ற சட்டப் பத்திரிகையைத் தொடங்கினார். மயிலாப்பூர் வக்கீல்கள் அரசியலிலும் கொடிகட்டிப் பறந்த காலம் அது. காங்கிரசில் அவர் மிதவாதி, தீவிரவாதிகளோடு கடுமையாக முரண்பட்டவர். ஆனால் எதிர்முகாமில் இருந்த பாரதியின் பாட்டுகளைக் கேட்டு உருகி, அவற்றைத் தன் செலவில் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தவரும் இவர்தான். அரசியலில் அபூர்வமான குணம்.

அக்டோபர் 22

பாரி, பின்னி, ஆர்பத்நாட். மெட்ராஸின் மூன்று பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகள். ஆர்பத்நாட் வியாபாரத்தோடு வங்கித் தொழிலும் செய்தது. பென்ஷன்காரர்கள், விதவைகள், அரசு உத்தியோகஸ்தர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் அதில் பணம் போட்டிருந்தார்கள். ஊரில் பெரிய பெயர், தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட். இதற்குமேல் யார் என்ன ஆவணம் கேட்கப்போகிறார்கள்?

1906 அக்டோபர் 22-ல் கம்பெனி திவாலானது. லண்டனில் இருந்த கூட்டாளி மக்ஃபேடியன் பணத்தை ரிஸ்க்கான முதலீடுகளில் இழந்திருந்தார். அவர் ரயிலின் முன் விழுந்து உயிரை விட்டார். இங்கே பணம் போட்டவர்களுக்குக் கணக்குப் புத்தகத்தில் என்ன நடந்தது என்றே அதுவரை தெரியாது. பலருக்கு ஆயுள்காலச் சேமிப்பே அதுதான்.

கிருஷ்ணசாமி ஐயர் பணம் போட்டவர்கள் தரப்பில் நின்றார். வெள்ளைக்காரர் ஆட்சியில், வெள்ளைக்காரக் கம்பெனியின் தலைவரைக் கோர்ட்டில் கேள்வி கேட்பது லேசான காரியமில்லை. வெறும் நஷ்டம் என்று மூடிவிடாமல், மோசடி என்ற கோணத்தில் விவகாரம் போனது. 1907-ல் சர் ஜார்ஜுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தண்டனை கிடைத்ததே தவிர, போட்ட பணம் முழுசாகத் திரும்பவில்லை. மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் அதையே நம்பியிருந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு எந்த அளவுக்கு ஆறுதல் தந்திருக்கும் என்பது கேள்விதான்.

கோபம் வங்கியானது

வழக்கு ஒருபக்கம் நடக்க, மறுபக்கம் ஐயர் வேறு வேலையில் இறங்கினார். இந்தியர்களின் பணத்தை இந்தியர்களே நிர்வகிக்கும் வங்கி வேண்டும் என்று, திவாலான சில வாரங்களிலேயே ஆட்களைத் திரட்டினார். சுதேசி இயக்கம் சூடாக இருந்த நேரம். வக்கீல்கள் பெயரைக் கொடுத்தார்கள், நகரத்தார் மூலதனத்தைக் கொடுத்தார்கள். 1907 மார்ச் 5-ல் இந்தியன் வங்கி பதிவானது. ஆகஸ்ட் 15-ல் கதவைத் திறந்தது. (நாற்பது வருஷம் கழித்து அந்தத் தேதிக்கு வேறு அர்த்தம் வந்தது தனிக்கதை.) 1969-ல் நாட்டுடைமையான 14 வங்கிகளில் இதுவும் ஒன்று.

சுதேசி என்பதால் மட்டும் பணம் பத்திரம் என்று ஆகிவிடாது. 1960-ல் கேரளாவின் பாலை சென்ட்ரல் வங்கி சரிந்தது, அதை நடத்தியவர்கள் இந்தியர்கள்தான். அதன் பிறகே டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் வந்தது. 1962-ல் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை என்று தொடங்கி, 2020 முதல் 5 லட்சம் ரூபாய். ஆர்பத்நாட்டில் பணத்தை இழந்தவர்களுக்கு இப்படி ஒரு பாதுகாப்பு கனவில்கூட கிடையாது.

மயிலாப்பூர் வைத்தியசாலை

இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது அவருடைய இன்னொரு வேலை. ஆர்பத்நாட் திவாலுக்கு முந்தின வருஷமே, 1905-ல், மயிலாப்பூரில் வெங்கட்ரமணா ஆயுர்வேத வைத்தியசாலையை நிறுவினார். ஏழைகளுக்கு வைத்தியம் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். அடுத்த வருஷம் சமஸ்கிருதக் கல்லூரி. தான தர்மத்தில் நடந்த வைத்தியம்தான், உரிமை என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் நோயாளியிடம் பாலிசி எண் கேட்காத இடம்.

1909-ல் உயர் நீதிமன்ற நீதிபதி, 1911-ல் கவர்னரின் நிர்வாகக் கவுன்சில் உறுப்பினர். அதே வருஷம் டிசம்பர் 28-ல் இறந்துபோனார். வயது 48.

அவருக்குப் பிறகு

1912-ல் ஆயுள் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கான முதல் தனிச் சட்டம் வந்தது. பிரீமியம் கணக்கை நிபுணர் ஒருவர் சரிபார்த்துச் சான்று தர வேண்டும் என்றது அது. 1956-ல் எல்.ஐ.சி., 1973-ல் பொதுக் காப்பீடு நாட்டுடைமை, 1986-ல் மெடிக்ளைம், 1999 சட்டத்துக்குப் பிறகு மறுபடியும் தனியார் கம்பெனிகள்.

இப்போது க்ளெய்ம் மறுக்கப்பட்டால், முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. மறுப்புக் கடிதம், பாலிசி நகல், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் கையில் வைத்திருங்கள். கிருஷ்ணசாமி ஐயரைப் போல ஒரு வக்கீலைத் தேடிப்போக வேண்டியதும் இல்லை, அங்கே பாலிசிதாரரே நேராகப் போய்ப் பேசலாம்.