ஒளியை இறக்கிய கலைஞர்

இங்கிலாந்தில் 1753ஆம் ஆண்டு கொத்தனார் ஒருவரின் மகனாகப் பிறந்தார் ஜான் சோன். 15ஆம் அகவையில் கட்டடக்கலைஞர் ஜார்ஜ் டான்சிடம் பணியில் சேர்ந்தார். இராயல் அகாதெமியில் பயின்று 1776இல் தங்கப்பதக்கம் வென்றார். மன்னரின் உதவித்தொகை பெற்று இத்தாலி சென்றார். அங்குள்ள உரோமானியக் கட்டடங்களை அளந்து வரைந்து, அவற்றின் அளவொழுங்கைக் கற்றார். புதுச்செவ்வியல் பாணியை அழகலங்காரம் குறைத்துத் தமக்கே உரியதாக்கினார்.

1788இல் இங்கிலாந்து வங்கியின் கட்டடக்கலைஞரானார். 45 ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். பாதுகாப்புக் கருதி வெளிச்சுவரில் சாளரங்கள் வைக்க இயலாத நிலையில், கூரையின் வழியே ஒளியை இறக்கினார். ரீஜென்சி காலத்தில் எழுந்த டல்விச் ஓவியக்கூடத்திலும் இம்முறையையே கையாண்டார். இலண்டனிலுள்ள தம் இல்லத்தில் குவியாடிகளும் வண்ணக் கண்ணாடிகளும் பதித்துச் சிறிய அறைகளையும் விரிந்தனவாய்த் தோன்றச் செய்தார்.

புகழ் வளர்ந்த வீட்டில் அமைதி வளரவில்லை. 1815இல் இளைய மகன் ஜார்ஜ், தந்தையின் கலையைப் பழித்துப் பெயர் குறிப்பிடாமல் இதழில் எழுதினார். அதனால் மனம் நொந்த தாய் எலிசா அவ்வாண்டே மறைந்தார். சோன் மகனை மன்னிக்கவில்லை. 1833இல் தனிச்சட்டத்தின் வாயிலாகத் தம் இல்லத்தையும் அரிய சேகரிப்புகளையும் நாட்டுக்கே உரிமையாக்கினார், 1837இல் காலமானார்.

பிற்காலத்தில் வங்கியின் உட்கூடங்கள் இடிக்கப்பட்டன. வெளிச்சுவரே பெரிதும் எஞ்சியது. இல்லமோ அருங்காட்சியகமாக இன்றும் நிலைத்துள்ளது. மகனுக்கு அடைபட்ட அக்கதவு, கலை பயில வரும் அனைவருக்கும் திறந்திருக்கிறது.