கும்பல் கொலைக்குக் கணக்கு எடுத்த பெண்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒரு காலத்தில் பெருங்கொடுமை நடந்து வந்தது. கறுப்பு இனத்தைச் சேர்ந்த ஒருவர் மீது யாராவது ஒரு குற்றம் சொன்னால் போதும். வெள்ளையர் கும்பல் கூடிவிடும். ஜெயிலில் இருந்தாலும் அவரை வெளியே இழுத்து வரும். மரத்தில் தூக்கிலிடும். அல்லது சுட்டுத் தள்ளும். சில சமயம் உயிரோடு கொளுத்திவிடும்!

விசாரணை கிடையாது. கொன்றவர்களுக்குத் தண்டனையும் கிடையாது. இதற்கு லிஞ்சிங் என்று பெயர்.

ஏன் இந்தக் கொலைகள் என்று கேட்டால், ஒரே பதில்தான் வரும். கறுப்பர்கள் வெள்ளைப் பெண்களைப் பலாத்காரம் செய்கிறார்கள், பெண்களின் மானத்தைக் காக்கவே கொல்கிறோம் என்பார்கள். படித்தவர்களும் இதை நம்பினார்கள்.

அது பொய் என்று கணக்கு எடுத்து உலகத்துக்குக் காட்டியவர் ஒரு பெண். அவர்தான் ஐடா வெல்ஸ்.

அடிமைக் குழந்தை

ஐடா 1862-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள ஹாலி ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் பிறந்தார். தந்தை தச்சர். தாய் சமையல் வேலை செய்தவர். இருவரும் அடிமைகள். ஆகவே குழந்தையும் பிறக்கும்போதே அடிமை!

1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமைகளுக்கு விடுதலை கிடைத்தது. அடிமைகளுக்குப் படிப்புச் சொல்லித் தரக் கூடாது என்பது பழைய வழக்கம். ஆகவே, விடுதலை பெற்றதும் ஐடாவின் தாய், பிள்ளைகளோடு தானும் பள்ளிக்கூடம் போனார். பைபிளைத் தானே படிக்கும் அளவுக்குக் கற்றுக்கொண்ட பிறகுதான் நின்றார்.

1878-ல் ஊரில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. தந்தை, தாய், கைக்குழந்தையான தம்பி ஆகிய மூவரும் இறந்தார்கள். ஐடாவுக்கு அப்போது வயது 16. மற்றக் குழந்தைகளை ஆளுக்கு ஒருவராக வளர்க்கலாம் என்று பெரியவர்கள் யோசனை சொன்னார்கள். ஐடா சம்மதிக்கவில்லை. பாவாடையின் நீளத்தைக் கூட்டித் தைத்து, வயதில் பெரியவள் போல் காட்டிக்கொண்டார். கிராமப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 25 டாலர். அதில் தம்பி தங்கைகளைக் காப்பாற்றினார்.

ரெயிலில் நடந்த சண்டை

பிறகு டென்னசி மாநிலத்தில் உள்ள மெம்பிஸ் நகருக்குக் குடிபோனார். 1883-ல் ஒரு நாள், பெண்களுக்கான முதல் வகுப்புப் பெட்டியில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தார். புகை பிடிப்பவர்கள் இருக்கும் பெட்டிக்குப் போகும்படி கண்டக்டர் சொன்னார். ஐடா மறுத்தார். கண்டக்டர் கையைப் பிடித்து இழுத்தார். ஐடா அந்தக் கையைக் கடித்துவிட்டார்! மேலும் இருவர் வந்து அவரை இழுத்து வெளியேற்றினார்கள். மற்றப் பயணிகள் கைதட்டினார்கள்.

பெண்களின் மானம் என்று முழங்கிய ஊரில், கறுப்புப் பெண்ணுக்குக் கிடைத்த மரியாதை இது!

ஐடா வழக்குத் தொடர்ந்தார். கீழ்க் கோர்ட்டு 500 டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. ஆனால் 1887-ல் மாநிலத்தின் உயர்ந்த கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. செலவுத் தொகையும் அவர் தலையில் விழுந்தது.

இதன் பிறகு பத்திரிகைகளில் நிறைய எழுதினார். 1889-ல் மெம்பிசில் ஒரு பத்திரிகைக்குப் பங்குதாரராகவும் ஆசிரியராகவும் ஆனார். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்கள் மோசமாக இருக்கின்றன என்று எழுதியதால் ஆசிரியை வேலை போயிற்று.

மூன்று நண்பர்கள் கொலை

1892 மார்ச் மாதம் அந்தத் துயரம் நடந்தது.

தாமஸ் மாஸ் என்பவர் தபால்காரர். ஐடாவின் நெருங்கிய நண்பர். அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார்கள். அருகில் கடை வைத்திருந்த வெள்ளைக்காரருக்கு வியாபாரம் குறைந்தது. பகை வளர்ந்தது. ஒரு நாள் இரவு கடையில் கலவரம் மூண்டது. துப்பாக்கி வெடித்தது. மாசும் கூட்டாளிகள் இருவரும் ஜெயிலில் அடைக்கப்பட்டார்கள். மார்ச் 9-ந் தேதி விடியும் முன்பு, ஒரு கும்பல் ஜெயிலுக்குள் புகுந்து மூவரையும் கடத்திச் சென்று சுட்டுக் கொன்றது.

ஐடா திகைத்துப் போனார். அதுவரை, கும்பல் கொலைக்குப் பெண் விவகாரமே காரணம் என்று அவரும் நினைத்திருந்தார். இந்த மூவரும் எந்தப் பெண்ணையும் தொடவில்லை. அவர்கள் செய்த குற்றம், வியாபாரத்தில் முன்னேறியதுதான்!

அப்படியானால் மற்றக் கொலைகள்? ஐடா விசாரிக்கத் தொடங்கினார்.

எண்கள் சொன்ன உண்மை

கொலை நடந்த ஊர்களுக்கே போனார். பார்த்தவர்களிடமும் உறவினர்களிடமும் கேட்டு எழுதிக்கொண்டார். வெள்ளையரின் பத்திரிகைகளில் வந்த செய்திகளையே சேகரித்தார். அவர்களுடைய கணக்கையே எடுத்துக் காட்டினால், கட்டுக்கதை என்று யாரும் தள்ள முடியாது அல்லவா?

1892 அக்டோபரில் தம் ஆராய்ச்சியைச் சிறு நூலாக வெளியிட்டார். எட்டு ஆண்டுகளில் 728 கறுப்பர்கள் கும்பலால் கொல்லப்பட்டதாக அதில் கணக்குக் காட்டினார். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் பலாத்காரக் குற்றச்சாட்டே இருந்தது. அதுவும் விசாரித்து நிரூபிக்கப்பட்டது அல்ல. மற்றவர்கள் திருட்டு, தகராறு, வெள்ளையரை எதிர்த்துப் பேசியது போன்ற காரணங்களுக்காகக் கொல்லப்பட்டவர்கள்.

பலாத்காரம் என்று சொல்லப்பட்டவற்றிலும், இருவரும் விரும்பிப் பழகியது வெளியே தெரிந்தவுடன் குற்றமாக மாற்றப்பட்ட சம்பவங்கள் உண்டு என்று காட்டினார். கறுப்புப் பெண்களை வெள்ளையர் பலாத்காரம் செய்தபோது எந்தக் கும்பலும் கூடவில்லை என்பதையும் எழுதினார்.

1895-ல் இன்னும் பெரிய நூல் வெளிவந்தது. 1892-ம் ஆண்டில் மட்டும் 241 பேர் கும்பலால் கொல்லப்பட்டனர். அவர்களில் 160 பேர் கறுப்பர்கள். அந்த 160 பேரில் ஐந்து பேர் பெண்கள்! பெண்ணைக் காக்கவே கொல்கிறோம் என்றவர்கள் இந்தக் கணக்குக்கு என்ன பதில் சொல்வார்கள்?

விடுதலை பெற்ற மக்கள் தலை நிமிர்ந்து வாழக் கூடாது, ஓட்டுப் போடக் கூடாது, சொத்துச் சேர்க்கக் கூடாது என்பதே உண்மையான காரணம் என்று ஐடா விளக்கினார்.

உயிருக்கு ஆபத்து

இந்த உண்மையை அவர் முதலில் எழுதியது, 1892 மே மாதம், தம் பத்திரிகையில்தான். மெம்பிஸ் கொதித்தது. ஒரு கும்பல் அவருடைய பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கியது. நல்ல வேளையாக ஐடா அப்போது வெளியூரில் இருந்தார். திரும்பி வந்தால் கொல்வோம் என்று மிரட்டினார்கள். வீடு வாசலை இழந்து, நியூயார்க்கில் இருந்தபடியே எழுதினார். 1893-லும் 1894-லும் இங்கிலாந்துக்குப் போய்ப் பேசினார். தென் மாநிலங்களின் பருத்தியை வாங்கும் நாடு அல்லவா அது? அங்கே எழுந்த கண்டனம் அமெரிக்காவில் உறைத்தது.

1895-ல் சிகாகோ வக்கீல் பெர்டினாண்ட் பார்னெட் என்பவரை மணந்தார். நான்கு குழந்தைகள் பிறந்தார்கள். கைக்குழந்தையோடு ஊர் ஊராகப் போய்க் கூட்டங்களில் பேசினார்.

1909-ல் இல்லினாய் மாநிலத்தில் உள்ள கைரோ நகரில் ஒருவர் கும்பலால் கொல்லப்பட்டார். கைதியைக் காப்பாற்றத் தவறிய ஷெரீப் பதவி இழந்தார். ஷெரீப் என்பவர் போலீஸ் தலைவர். வேலையைத் திரும்பக் கேட்டு அவர் கவர்னரிடம் மனுச் செய்தார். ஐடா நேரில் போய் ஊரில் விசாரித்து, கவர்னர் முன் வாதாடினார். ஷெரீப்புக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை!

1913-ல் வாஷிங்டனில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் நடந்தது. கறுப்புப் பெண்கள் கடைசியில் வர வேண்டும் என்றார்கள். ஐடா வழியில் நின்றிருந்து, தம் மாநிலத்து வெள்ளைப் பெண்களின் அணியிலேயே சேர்ந்து நடந்தார்.

காலம் கடந்து வந்த சட்டம்

ஐடா வெல்ஸ் 1931 மார்ச் 25-ந் தேதி சிகாகோவில் காலமானார். அவருக்கு வயது 68.

கும்பல் கொலையைத் தடுக்க அமெரிக்கா முழுவதற்கும் ஒரு சட்டம் வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் காலத்திலும் பின்பும் பல மசோதாக்கள் வந்து தோற்றன. 2022 மார்ச் 29-ந் தேதிதான் அந்தச் சட்டத்தில் ஜனாதிபதி கையெழுத்திட்டார். ஐடா மறைந்து 91 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த விழாவில் அவருடைய கொள்ளுப் பேத்தி பேசினார்.