சட்டத்தைத் தோட்டத்துக்குக் கொண்டு சென்ற நடேசய்யர்

மலையகத் தொழிற்சங்க வரலாற்றைப் பேசப் புகும் எவரும் கோதண்டராம நடேசய்யரைத் தவிர்த்துச் செல்ல முடியாது. தொழிலாளிக்குச் சேரவேண்டிய கூலி அவன் கைக்கு முழுமையாகச் சேர்கிறதா என்ற கேள்வியையே தமது பொதுவாழ்வின் அடிநாதமாகக் கொண்டிருந்தவர் அவர்.

1887ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்தில் பிறந்த அவர் வர்த்தகமும் கணக்கியலும் கற்றவர். தோட்டங்களுக்குள் வெளியார் நுழைவது தடுக்கப்பட்டிருந்த அக்காலத்தில், புடைவை வியாபாரியாக வேடமிட்டுச் சென்று தொழிலாளரின் நிலையை அவர் நேரிற் கண்டார் என எழுத்தாளர் சாரல்நாடன் பதிவு செய்துள்ளார். பின்னர் கொழும்பிற் குடியேறி ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். ஏ. ஈ. குணசிங்கவுடன் இணைந்து நகரத் தொழிலாளரிடையே பணியாற்றிய அவர், 1920களின் பிற்பகுதியில் அவருடன் முரண்பட்டுப் பிரிந்தார்.

அன்றைய தோட்டக் கூலி முறையை இங்கு நினைவுகூர்தல் அவசியம். பெரிய கங்காணியின் கடன் கணக்கு தொழிலாளியை ஆயுள் முழுவதும் பிணைத்திருந்தது. அக்கடனைச் சுமந்து திரிந்த ‘துண்டு’ முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. எனினும் கூலியைக் குறைக்கும் வழிகள் ஒழியவில்லை. கொழுந்து நிறை போதாதென்று கூறி அரைப்பேர் போடுவது அவற்றுள் முதன்மையானது. நாள் முழுவதும் மலையில் நின்றவர் பாதி நாட் கூலியுடன் லயத்துக்குத் திரும்பினார். செக்ரோலில் எழுதப்பட்டதே கணக்கு. அதனை வாசித்தறியும் கல்வி தொழிலாளிக்கு இருக்கவில்லை.

1925இல் சட்டசபையில் இந்தியர் பிரதிநிதியாக இடம்பெற்ற நடேசய்யர், இந்நிலையை அங்கு இடைவிடாது எடுத்துரைத்தார். இந்திய அரசாங்கத்தின் அழுத்தமும் சேர்ந்துகொள்ள, 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி, உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என அமைந்தது. ஒரே மலையில் ஒரே வெயிலில் நின்ற பெண்ணுக்குச் சட்டமே குறைத்து அளந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

சட்டம் வந்ததும் நீதி வந்துவிடவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தைக் காரணங்காட்டி 1930களின் தொடக்கத்தில் இக்கூலி மீண்டும் மீண்டும் குறைக்கப்பட்டது. தேயிலை விலை சரிந்தபோது அந்த நட்டத்தின் பெரும் பங்கைச் சுமந்தவர்கள், விலை உயர்ந்திருந்தபோது இலாபத்திற் பங்கு பெறாதவர்களே.

1931இல் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அத்துமீறல் சட்டத்தைக் காட்டித் தோட்ட வாசல்கள் அடைக்கப்பட்டபோது, தெருவோரத்திலும் கடைவீதியிலும் கூட்டங்கள் நடந்தன. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தாம் இயற்றிய பாடல்களை அக்கூட்டங்களிற் பாடினார். எழுதப் படிக்கத் தெரியாதோருக்கு அப்பாடல்களே பத்திரிகையாயின. தொழிலாளர் சட்டங்களை எளிய தமிழிற் சிறு நூல்களாக்கி நடேசய்யர் வெளியிட்டார். தனக்குரிய கூலி எவ்வளவு என்பதை அறியாத ஒருவன் அது குறைவதையும் அறியமாட்டான் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான அவர், 1947 வரை அதன் உறுப்பினராக விளங்கினார். 1939இல் தோன்றிய இலங்கை இந்தியர் காங்கிரஸின் எழுச்சி அவருடைய செல்வாக்கைக் குறைத்தது. 1947 நவம்பரில் அவர் காலமானார். யாருக்காகப் போராடினாரோ, அம்மக்களிற் பெரும்பாலோரின் பிரசாவுரிமை அடுத்த ஆண்டே பறிபோனது.

அவர் வாழ்ந்த காலத்திலேயே 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் வந்தது. நிர்ணயித்த சம்பளத்திற் குறைத்துக் கொடுப்பது அதன்கீழ் தண்டனைக்குரிய குற்றமாகும். நீதிமன்றம் நிலுவையையும் வசூலித்துக் கொடுக்கலாம். தொழில்தருநர் சம்பளப் பதிவேடு பேணுவதும் கட்டாயமாகும். இருந்தும், 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றத்தை நாடியதை நாம் கண்டோம்.

இது தோட்டங்களோடு முடிந்துவிடும் விடயமன்று. நகரத்துப் புடைவைக் கடையிலும் உணவகத்திலும் சம்பளச் சீட்டின்றி, சேமலாப நிதியின்றி உழைக்கும் நம் இளைஞர்கள் பலர். முதலாளி நம்மவர், உறவினர், ஊரவர் என்பதால் கேட்கத் தயங்குவோரும் உள்ளனர். அத்தயக்கம் முதலாளிக்கும் நன்மை தருவதன்று. குறைத்துக் கொடுத்த ஒவ்வொரு மாதமும் அவர் மீது சட்டப்படியான கடனாகவே சேர்கிறது. தொழில் திணைக்களத்தின் கதவைத் தட்டுவது நன்றிகேடாகாது. தமக்குரியதை அறிந்து கேட்குமாறு தொழிலாளரைப் பழக்குவதற்கே நடேசய்யர் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.