அச்சுக் கோர்த்தவர் எழுதிய சட்டம்

மலருக்கு வாழ்க்கை வரலாறு எழுதணும் என்றதும் பெரும்பாலும் விஞ்ஞானிகளைத்தான் தேடுவோம். நான் ஜான் ஆர். காமன்ஸ் என்ற பேராசிரியரைப் பற்றி எழுதுகிறேன். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில், தொழிலாளர் வாழ்க்கையையே ஒரு படிப்பாக வளர்த்தவர் இவர்.

காமன்ஸ் 1862-ல் ஓஹியோ மாநிலத்தில் பிறந்தார். வசதியான குடும்பம் கிடையாது. அவருடைய அம்மா, கல்லூரி இருந்த ஓபர்லின் ஊரிலேயே மாணவர் விடுதி நடத்தி மகனைப் படிக்க வைத்தார். எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் அந்த அம்மா என் மனசில் நின்றுவிட்டார்.

படிப்பில் காமன்ஸ் முதல் ரேங்க் இல்லை. உடம்பு சரியில்லாமல் நடுவில் படிப்பை நிறுத்தி, பத்திரிகை அச்சகத்தில் அச்சுக் கோர்த்தார். அங்கே தொழிற்சங்கத்திலும் சேர்ந்தார். 1888-ல் பட்டம் வாங்கும்போது வயது 25. மேலே படிக்க ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் போய், டாக்டர் பட்டம் வாங்காமலே திரும்பினார். அரியர் வச்சிருக்கும் நண்பர்கள் கவனிக்க! 1899-ல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வேலையும் போனது. அவருடைய கருத்துகள் நன்கொடையாளர்களுக்குப் பிடிக்கவில்லை.

1904-ல் அவருடைய பழைய ஆசிரியர் ரிச்சர்ட் ஈலி அவரை விஸ்கான்சினுக்கு அழைத்தார். வாழ்க்கை அங்கேதான் திரும்பியது. தொழிற்சங்கத் தலைவர்களையும் முதலாளிகளையும் வகுப்புக்கே வரவழைத்தார். மாணவர்களோடு சேர்ந்து பழைய சங்க ஆவணங்களைத் தேடித் திரட்டி, 1910 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார்.

மெஷினில் கை போடுகிற நமக்கு முக்கியமானது 1911. அதற்கு முன்னால், விரல் துண்டான தொழிலாளி கோர்ட்டுக்குப் போய், தப்பு முதலாளியுடையது என்று நிரூபிக்கணும். ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய், கூட வேலை செய்தவன் கவனக்குறைவுதானே என்று சொல்லியே வழக்கைத் தள்ளிவிடலாம். 1911-ல் விஸ்கான்சினில் வந்த சட்டம், தப்பு யாருடையது என்று பார்க்காமல் நஷ்டஈடு கொடுக்க வழி செய்தது. அதே வருஷம் தொழில் ஆணையம் அமைக்கும் சட்டத்தை எழுதியவர் காமன்ஸ். இரண்டு வருஷம் அதில் ஆணையராகவும் இருந்தார். அவருடைய கணக்கு எளிமையானது. விபத்து நடந்தால் முதலாளிக்குச் செலவு என்றால், விபத்தைத் தடுப்பதே அவருக்கு லாபம். மெஷினுக்குத் தடுப்பு தானாகவே வந்துவிடும்! ஜெர்மனியில் இதுபோன்ற சட்டம் 1884-லேயே வந்திருந்தது. நம் நாட்டில் 1923-ல் வந்தது.

1921-ல் அவர் முன்வைத்த வேலையிழப்புக் காப்பீட்டு மசோதா தோற்றது. திரும்பத் திரும்ப முயன்று, 1932-ல் அந்நாட்டிலேயே முதலாவதாக விஸ்கான்சினில் அந்தச் சட்டம் வந்தது. அவருடைய மாணவர் எட்வின் விட்டி, 1935-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கிய குழுவை நடத்தினார். இன்னொரு மாணவர் ஆர்தர் ஆல்ட்மேயர் அந்தச் சட்டத்தை நிர்வகித்தார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. 1907-ல் எழுதிய புத்தகத்தில், குடியேறி வந்தவர்களையும் கறுப்பின மக்களையும் தாழ்த்திப் பேசினார். தொழிலாளிக்கு நியாயம் கேட்டவர் எல்லாத் தொழிலாளியையும் சமமாகப் பார்க்கவில்லை. பெரியவர் என்பதற்காக அதை நாம் ஏற்க வேண்டியதில்லை. 1945-ல் அவர் காலமானார்.

இந்தப் படிப்பு படித்தால் என்ன வேலை என்று கேட்பீர்கள். தொழிலாளர் நல அலுவலர், தொழிலாளர் துறை, தொழிற்சங்கம், கம்பெனிகளில் பணியாளர் பிரிவு என்று பல வழி உண்டு. சென்னையில் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையமும் இருக்கிறது. அந்தப் பக்கம் போகாவிட்டாலும் பரவாயில்லை. நாளைக்கு நாம் சூப்பர்வைசர் ஆகும்போது, உற்பத்தி குறையுது என்று மெஷின் தடுப்பைக் கழற்றச் சொன்னால், முடியாது என்று சொல்லப் பழகுவோம். அதுவே காமன்ஸுக்கு நாம் செய்யும் மரியாதை.