முந்நூறு ரூபாய் மோட்டார் சைக்கிள்



ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜா பக்கத்து மெக்கானிக் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். நம்ம பாலிடெக்னிக் பசங்க நாலு பேராவது அங்கே குந்தியிருப்பார்கள். 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன ஆர்.எக்ஸ்.100 ஒன்றை எவன் வீட்டு மாட்டுக் கொட்டகையிலிருந்தோ பேரம் பேசி வாங்கி, துரு சுரண்டி, ரீபோர் போட்டு, டேங்குக்குப் பெயிண்ட் அடித்து... செலவைக் கேட்டால் வீட்டில் ஒரே திட்டுதான். அப்படித் திட்டு வாங்குகிற தோழர்கள் எல்லாரும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியவர் ஜி.டி. நாயுடு. விஞ்ஞானி, இந்தியாவின் எடிசன் என்று பொது அறிவுப் புத்தகத்தில் அவரை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் காலத்து முரட்டு மோட்டார் சைக்கிள் ஒன்றை அவர் வாங்கிப் பிரித்த கதை அந்த வரியில் இல்லை.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ல் கோயம்புத்தூர் அருகே கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே தாயை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவே இல்லை. வாத்தியார் கண்ணில் மண்ணை வாரிப் போட்டுவிட்டு ஓடிவந்தவர் என்றே அவர் கதையை ஆரம்பிப்பார்கள். (இதை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். வருகைப் பதிவு குறைந்தால் ஹால் டிக்கெட் கிடைக்காது!) படிப்பு நின்றதும் தோட்ட வேலை. தமிழ்ப் புத்தகங்களைத் தானாகவே படித்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்த வண்டி வந்தது. ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வர, வண்டி வழியில் நின்றுவிட்டதாம். துடைக்கத் துணியும் மண்ணெண்ணெயும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் அதைச் சரிசெய்து கிளப்பிக்கொண்டு போகும்வரை பையன் பக்கத்திலேயே நின்று பார்த்தான் என்று சொல்வார்கள். மாட்டு வண்டியைத் தவிர வேறு வண்டி பார்க்காத ஊரில், மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு இரும்பு தானாக ஓடினால் எப்படி இருந்திருக்கும்? அதன் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை.

கையில் காசு கிடையாது. கோயம்புத்தூர் போய் ஒரு ஓட்டலில் சப்ளையராகச் சேர்ந்தார். நாம் பார்ட் டைமாகக் கேட்டரிங் போகிறோமே, அதே மாதிரி இலை எடுத்து, டேபிள் துடைத்து, பரிமாறுகிற வேலை. சுமார் மூன்று வருஷம் அங்கே இருந்து காசு சேர்த்து, அந்த அதிகாரியையே தேடிப்போய் 300 ரூபாய்க்கு அந்த ரட்ஜ் வண்டியை வாங்கினார். அந்தக் கால 300 ரூபாய்! அதை வைத்து ஒரு தொழிலே ஆரம்பித்திருக்கலாம். ஊரில் என்ன பேசியிருப்பார்கள் என்று நமக்குச் சொல்லித் தரவேண்டுமா?

ரட்ஜ் என்பது இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்துக் கம்பெனி. சைக்கிள் செய்துகொண்டிருந்தவர்கள் 1911-லிருந்து மோட்டார் சைக்கிளும் செய்தார்கள். ஒற்றை சிலிண்டர், கிட்டத்தட்ட 500 சி.சி. 1914-ல் ஐல் ஆஃப் மேன் தீவின் சீனியர் டி.டி. பந்தயத்தில் ஜெயித்தது இந்தக் கம்பெனி வண்டிதான். பின் சக்கரத்துக்குச் செயின் கிடையாது, பெல்ட். ஆரம்ப கால மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் தோல் பெல்ட்டே ஓடியது என்று படித்தபோது தோல் ஊர்க்காரனான எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

வண்டியை வாங்கியவர் ஜாலியாக ஊர் சுற்றவில்லை. முழுசாகப் பிரித்துப் போட்டார். மறுபடி கோத்தார். மறுபடி பிரித்தார்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று மெக்கானிக்கல் தோழர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மற்ற பிரிவுக்காரர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சினைப் பிரிப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். கோப்பதில்தான் இருக்கிறது சங்கதி. பிஸ்டன் மேலே வரும் நேரமும், வால்வு திறந்து மூடும் நேரமும், மேக்னெட்டோ பொறி தட்டும் நேரமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவேண்டும். டைமிங் கியரில் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி கிளம்பாது, கிளம்பினாலும் இருமும். ரிங் கோணலாக இறங்கினால் ஒடிந்துவிடும். நமக்கு ஒர்க்ஷாப்பில் இன்ஸ்ட்ரக்டர் இருக்கிறார், சார்ட் இருக்கிறது, செல்போனில் வீடியோ இருக்கிறது. அவருக்கு எதுவும் கிடையாது. எந்த வகுப்பிலும் உட்கார்ந்து எஞ்சின் படித்தவரும் இல்லை. எது எதை இழுக்கிறது, எது எதைத் தள்ளுகிறது என்று கண்ணாலும் கையாலும் கண்டுபிடித்ததுதான் அவர் படித்த டிப்ளமோ. அதை வைத்தே மெக்கானிக் ஆகிவிட்டார்.

இந்த இடத்தில் எனக்கு எங்க அப்பா ஞாபகம் வருகிறது. அப்பா தோல் ஷாப்பில் டிரம் பக்கம் வேலை செய்கிறவர், கையெழுத்து மட்டும் போடுவார். டிரம் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டே எந்தப் பேரிங் போகப்போகிறது என்று சொல்லிடுவார். எங்கள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். பேரிங்குக்கு லோடு கணக்குப் போட எனக்கு வரும், அந்தச் சத்தம் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

விட்ட இடத்துக்கு வருவோம். மெக்கானிக் வேலைக்குப் பிறகு நாயுடு திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் இறங்கினார். முதல் உலகப் போர் நேரம், நல்ல லாபம். அந்தப் பணத்தோடு பம்பாய் போய்ப் பஞ்சு வியாபாரம் செய்ததில் எல்லாம் போச்சு. திரும்பி வந்தவருக்குக் கோவையின் பெரிய தொழிலதிபர் ஸ்டேன்ஸ் துரை கைகொடுத்தார். 8000 ரூபாய் பஸ். பாதிப் பணம் தெரிந்தவர்களிடம் கடன், மீதிப் பாதி ஸ்டேன்ஸிடமே கடன். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ்ஸை அவரே ஓட்டினார். ரிப்பேர் வந்தால் அடுத்தவன் கையைப் பார்க்க வேண்டாமே! அந்த ஒரு பஸ்தான் யு.எம்.எஸ். என்ற கம்பெனியாக வளர்ந்து, 1933 வாக்கில் சுமார் 280 பஸ்களாக ஆனது.

அதற்கப்புறம் அவர் செய்த கருவிகளை எழுத மலரில் பக்கம் போதாது. எலெக்ட்ரிக் ஷேவிங் ரேஸர், மலிவு விலை ரேடியோ என்று போய்க்கொண்டே இருக்கும். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து கோவையில் செய்த மின் மோட்டார், நம் நாட்டில் தயாரான முதல் மோட்டார்களில் ஒன்று. இன்றைக்கு மோட்டார் பம்புசெட்டு என்றால் கோவை என்று நம்ம ஊர் விவசாயியும் சொல்கிறாரே, அதன் ஆரம்பம் அங்கே இருக்கிறது.

நமக்கு முக்கியமானது 1945. அந்த வருஷம் மதராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப் பேரில் ஒரு பாலிடெக்னிக்கும் பிறகு பொறியியல் கல்லூரியும் கோவையில் வந்தன. இடமும் முயற்சியும் நாயுடுவுடையது, பிரின்சிபாலும் அவரே. பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர் பாலிடெக்னிக் பிரின்சிபால்! கருவியைக் கையில் கொடுத்துவிட்டால் நாலு வருஷம் தேவையில்லை, சீக்கிரமே தொழில் கற்றுக்கொடுத்துவிடலாம் என்பது அவர் கட்சி. அரசாங்கம் நாலு வருஷப் படிப்பில் பிடிவாதமாக இருந்தது. அவர் பதவியை விட்டு விலகிவிட்டார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

இதில் நான் முழுசாக அவர் பக்கம் என்று சொல்லமாட்டேன். தியரி இல்லாவிட்டால் நாளைக்குப் புது எஞ்சின் வந்தால் முழிக்கவேண்டியதுதான். இன்றைக்கு எலெக்ட்ரிக் வண்டி வந்து மெக்கானிக் அண்ணன்கள் பலர் தலையைச் சொறிவதை நாமே பார்க்கிறோம். ஆனால் ஆறு செமஸ்டர் முடித்தும் ஒரு கார்புரேட்டரைத் தனியாகப் பிரித்துக் கோக்கத் தெரியாமல் வெளியே போகிறவர்களும் இருக்கிறோம் அல்லவா? கேம்பஸ் இன்டர்வியூவில் கேட்கும்போது தெரிகிறது. பி.இ. பசங்க நம்மை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள் என்று கேண்டீனில் புலம்புகிறோமே, நாயுடுவிடம் எந்தப் பட்டமும் கிடையாது.

1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்று செய்தார். விலை 2000 ரூபாய். தயாரிக்க அரசாங்க அனுமதி கிடைக்கவில்லை, அந்தத் திட்டம் அங்கேயே முடிந்தது. 300 ரூபாய்ப் பழைய வண்டியில் கை பழகியவர், சாமானியனும் புது கார் வாங்கும் விலைக்கு வந்து நின்றபோது ஒரு காகிதம் தடுத்துவிட்டது. படிக்கும்போது எனக்கு மனசு கனத்துப்போனது இந்த இடத்தில்தான். 1974 ஜனவரி 4-ல் தமது எண்பதாவது வயதில் அவர் காலமானார்.

கோவை அவிநாசி ரோட்டில் ஹோப்ஸ் என்று ஒரு பஸ் ஸ்டாப் உண்டு. அந்தப் பழைய காலேஜ் பேர்தான் அது, ஏறி இறங்குகிறவர்களில் பலருக்குத் தெரியாது. 2025 அக்டோபரில் அதே ரோட்டில் திறந்த 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு நாயுடு பேரை வைத்திருக்கிறார்கள். ஹோப்ஸுக்கு மேலேயேதான் போகிறது. அந்த ரோட்டிலேயே அவர் குடும்பத்தார் 2015-ல் திறந்த ஜீடீ கார் மியூசியமும் இருக்கிறது. பல நாட்டுப் பழைய கார்களைச் சரிசெய்து, பளபளவென்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வரும் வருஷம் இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்குக் கோவை என்று முடிவானால், துறைத் தலைவரிடம் இதையும் லிஸ்ட்டில் சேர்க்கச் சொல்லி யாராவது கேளுங்கள்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை