நாளொன்றுக்குப் பத்துப் பக்கம்

தவணை தொடங்கும் முதல் நாளிலே மாணாக்கர் பலர் புதிய நேரசூசி ஒன்றை எழுதிப் படிக்கும் மேசைக்கு எதிரே ஒட்டிக்கொள்வதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். நான்கு மணிக்குத் துயிலெழுதல், பின்னர் கணிதம், அதன் பின் இலக்கணம் என அது மிக அழகாக அமைந்திருக்கும். இரண்டாம் வாரத்தில் அத்தாள் சுவரில் இருக்கும். அதன்படி நடப்பவர் இரார். இக்குறை மாணாக்கருக்கு மட்டும் உரியதன்று. ஆசிரியராகிய நமக்கும் உண்டு. ஆகையால், பெருஞ் சங்கற்பத்தாலன்றிச் சிறு கணக்கினால் தம் வாழ்வைத் திருத்திக்கொண்ட ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுதத் துணிந்தோம். அவரே அன்ரனி திரொலப் என்னும் ஆங்கில நாவலாசிரியர்.

திரொலப் 1815ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 24ஆம் திகதி இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் கற்றறிந்த வழக்கறிஞரேனும், கடுஞ்சினத்தால் தொழிலை இழந்தார். பயிர்த்தொழிலில் இறங்கி அதிலும் பொருளிழந்தார். ஆகவே, ஹாரோ கல்லூரியிலே செல்வர் பிள்ளைகள் நடுவில், சேறு படிந்த சப்பாத்துடன் நெடுவழி நடந்து வந்த ஏழை மாணவராகத் திரொலப் விளங்கினார். வின்செஸ்டர் கல்லூரியிற் பயின்றபோது, கட்டணஞ் செலுத்தப்படாமையால், கடைக்காரரும் அவருக்குக் கடன் கொடுக்க மறுத்தனர். கற்ற காலம் முழுவதிலும் அவர் ஒரு பரிசேனும் பெற்றாரல்லர். குடும்பத்தைத் தாங்கியவர் தாயார் பிரான்சிஸ் அம்மையார். ஐம்பது வயது கடந்த பின்னரே முதல் நூலை வெளியிட்ட அவர், நோயுற்ற கணவரையும் மகனையும் பராமரித்துக்கொண்டே, எழுத்தின் வருவாயால் வீட்டை நடத்தினார்.

1834இல் திரொலப் இலண்டன் தபாற் கந்தோரில் ஆண்டுக்கு 90 பவுன் சம்பளத்தில் எழுதுவினைஞரானார். நேரந்தவறி வருதலும் கடன்படுதலும் அவருடைய அக்கால வழக்கங்களாயிருந்தன. பதினைந்தாம் வயது தொடக்கம் பத்து ஆண்டுகள் அவர் நாட்குறிப்பு ஒன்றும் எழுதி வந்தார். 1870இல் அதனை எடுத்துப் படித்துப் பார்த்தபோது, தம் பேதைமையும் சோம்பலும் அதில் நிறைந்திருக்கக் கண்டு நாணி, அதனை அழித்துவிட்டார். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் மட்டும் ஒருவரைத் திருத்திவிடாது என்பதற்கு இதுவே சான்றாகும்.

1841இல் அவர் அயர்லாந்துக்கு மாற்றம் பெற்றுச் சென்றார். ஊர் ஊராகக் குதிரையேறிச் சென்று தபாற் பணியை மேற்பார்வை செய்யும் அவ்வேலை அவரைப் புதிய மனிதராக்கிற்று. 1844இல் திருமணம் நிகழ்ந்தது. 1847இல் வெளியான முதல் நாவல் விலைபோகவில்லை. அடுத்தடுத்து வந்தவையும் அவ்வாறே. எனினும் அவர் பேனாவைக் கீழே வைத்தாரல்லர். உத்தியோகத்தின் பொருட்டுப் புகையிரதத்திற் செல்லுகையில், மடியில் ஒரு பலகையை வைத்துப் பென்சிலால் எழுதுவார். மனைவியார் அதனைப் பிரதி செய்வார். 1855இல் வெளிவந்த ‘வார்டன்’ என்னும் நாவலுடன் அவர் பெயர் மெல்ல வெளிப்படலாயிற்று. இன்று தெருவோரங்களில் நாம் காணும் தபாற்பெட்டிக்கும் அவருக்கும் தொடர்புண்டு. 1852இல் அவருடைய ஆலோசனைப்படியே ஜேர்சித் தீவில் அத்தகைய பெட்டிகள் நிறுவப்பட்டன.

இனி, அவருடைய முறையைச் சிறிது விரித்துரைப்போம். 1859 தொடக்கம் அவர் வோல்தம் குறொஸ் என்னும் ஊரில் வாழ்ந்தார். அங்கே ஒவ்வொரு நாளும் காலை 5.30 மணிக்கு எழுதும் மேசையில் அமர்ந்துவிடுவார். தம் மனவுறுதியை மட்டும் நம்பாது, தம்மை எழுப்பிக் கோப்பி கொடுக்கும் கடமைக்காகக் குதிரைக்காரக் கிழவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுன் மேலதிகமாகக் கொடுத்து வந்தார். அக்கிழவர் ஒரு நாளேனும் தவறினாரல்லர். தம் வெற்றிக்கு வேறெவரிலும் அவருக்கே மிகக் கடமைப்பட்டிருப்பதாகத் திரொலப் பிற்காலத்தில் எழுதினார். முதல் அரைமணி நேரம் முன்னாள் எழுதியதைப் படிப்பார். பின்னர் கைக்கடிகாரத்தை முன்னே வைத்துக் கால்மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். மூன்று மணி நேரம் முடியும்போது பத்துப் பக்கம் நிறைந்திருக்கும். காலையுணவின் பின் அவர் மீண்டும் தபால் உத்தியோகத்தர்.

ஒரு நாவலைத் தொடங்குமுன் வாரம் வாரமாகப் பிரித்த நாட்குறிப்பு ஒன்றை அமைப்பார். முன்னைய நாட்குறிப்பைப் போல அதில் உணர்ச்சியுரைகள் இரா. அன்றன்று எழுதிய பக்கங்களின் எண்ணிக்கை மட்டுமே இருக்கும். வாரத்துக்கு ஏறக்குறைய 40 பக்கம் என்பது வழக்கமான அளவு; அது 20 ஆகக் குறைந்ததும் 112 ஆக உயர்ந்ததும் உண்டு. எழுதாத நாளின் வெறுமையும் கண்முன்னே நிற்கும். அதனை மறைக்க வழியில்லை.

இத்தகையவர் நம் நாட்டுக்கும் வந்திருக்கின்றார். 1875இல் ஆஸ்திரேலியாவிலிருந்த மகனைக் காணச் செல்லும் வழியில் இலங்கையில் இறங்கினார். அப்போது இங்கே தேசாதிபதியாயிருந்தவர், கொழும்பு நூதனசாலையைத் தோற்றுவித்த வில்லியம் கிரெகரி. இருவரும் ஹாரோவில் அருகருகே அமர்ந்து பயின்றவர்கள். அக்காலத்தில் திரொலப்பைப் போல அழுக்கடைந்த மாணவர் வேறெவரும் இலர் எனக் கிரெகரி தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அம்மாணவரே நாடறிந்த எழுத்தாளராகத் தேசாதிபதியின் விருந்தினரானார். அப்பயணத்தின் முடிவில் அமெரிக்காவிலிருந்து திரும்பும் கப்பலிலும், காலைதோறும் அறைக் கதவை அடைத்துக்கொண்டு அவர் எழுதியதை உடன் சென்ற நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் கண்டார்.

33 ஆண்டுகள் தபாற் பணி செய்து 1867இல் விலகிய திரொலப், 1882ஆம் ஆண்டு திசம்பர் 6ஆம் திகதி காலமானார். அவர் எழுதிய நாவல்கள் 47. இறுதி நாவல் முற்றுப்பெறாது நின்றது. மறுவருடம் வெளியான சுயசரிதையில் தம் கணக்கு முறையை ஒளியாது கூறியமையால், கலையைக் கைத்தொழிலாக்கினார் எனப் பலர் பழித்தனர். அவருடைய நாவல்கள் யாவும் ஒரே தரத்தின அல்ல என்பது உண்மையே. ஆயினும், சிறந்தவை இன்றும் விரும்பிப் படிக்கப்படுகின்றன. அக்கணக்கு இல்லாதிருப்பின், நாள் முழுவதும் கந்தோர் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து அச்சிறந்தவையும் பிறந்திரா.

நாமும் கம்பராமாயணத்தை முழுவதும் படிப்பதெனப் பலமுறை சங்கற்பஞ் செய்து, பாலகாண்டத்தோடு நின்றவரே. பின்னர் நாளொன்றுக்குப் பத்துச் செய்யுள் என வரையறுத்துப் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் எண்ணிக்கையைப் பதிந்து வந்தோம். காய்ச்சலிற் கிடந்த நாட்களும் சோம்பியிருந்த நாட்களும் அக்கொப்பியில் வெறுமையாகவே உள்ளன. ஆயினும், 10,000 செய்யுளுக்கு மேற்பட்ட அந்நூல் மூன்றாம் ஆண்டின் இறுதியில் நிறைவெய்திற்று.

நேரசூசி நாம் செய்ய விரும்புவதைச் சொல்கின்றது. கணக்குக் கொப்பி நாம் செய்ததைச் சொல்கின்றது. முன்னது நம்மை மகிழ்விக்கும். பின்னதே நம்மைத் திருத்தும். ஒரு பரிசேனும் பெறாது வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கும் மாணவர் எவரேனும் இதனைப் படிப்பாராயின், அவர் இன்று ஒரு சிறு வேலையைச் செய்து, செய்த அளவை எழுதி வைப்பாராக. நாளையும் அவ்வாறே செய்வாராக. இக்கல்லூரி அடுத்த விழாவைக் கொண்டாடும் நாளில், அக்கொப்பியை அவர் நமக்குக் காட்டுவாராயின் அதுவே நாம் பெறும் பரிசாகும்.